கோலை உருட்டிப் பார்த்தவர்

கித்தா என்கிற ரப்பர் மரத்துப் பால் நிறுக்கும் நேரத்தில்தான் செய்தி வந்தது. லகாட் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "பெரிய கிராணி, நம்ம டிரெஸ்ஸர் போயிட்டாருங்க" என்றான். தோட்டம் முழுக்கக் கொய்னா மருந்து ஊற்றிக் காய்ச்சலை விரட்டிய கதிரேசனைக் காய்ச்சலே கொண்டுபோய்விட்டது. என்ன அநியாயம் இது! தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி நான், தராசை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வேலை அவருக்கு உத்தியோகம். நண்பர்களே, நம் தோட்டத்துச் சங்கத்தின் பில்லியர்ட்ஸ் மேசைதான் உயிர். துரை பங்களாவில் வேண்டாமென்று தள்ளிவிட்ட, துணியில் ஒட்டுப்போட்ட அந்த மேசையில்தான் நாம் எல்லோரும் ஆடப் பழகினோம். ஆனால் எந்தக் கோலை எடுத்து ஆடுவது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒருமுறை ஈப்போ பட்டணத்துக் கடையில், பிடி முழுக்கச் சிப்பி பதித்த கோல் ஒன்றைக் கண்டு மயங்கிவிட்டேன். அவர் அதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிமேல் உருட்டினார். கோணல் கோல், நொண்டிக்கொண்டே ஓடியது. "கிராணி, இத வீட்டு மூலையில நிறுத்தி வைக்கலாம்லா, பாக்க ஜோரா இருக்கும். ஆடறதுக்கு வேற பாப்போம்" என்றார். கடை முதலாளியான சீனத் தவுக்கே முறைத்தான். இவரா அசருகிறவர்! ஒவ்வொரு கோலையும் ஒற்றைக் கண்ணால் நீளம் பார்த்து, விரல்மேல் நிறுத்திக் கனம் பார்த்து, நுனித்தோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். "நகம் பதியணும், குழி விழக்கூடாது. மெத்துனு இருந்தா பந்து சொன்ன பேச்சு கேக்காது. கல்லா இருந்தா வழுக்கிடும்." கடைசியில் பூச்சு உரிந்த மொட்டைக் கோல் ஒன்றை என் கையில் திணித்தார். "வாங்கறப்ப கண்ணு ஆடும் கிராணி. மேசைக்கு வந்தா கைதான ஆடணும்?" ஒரு மாதம் அவரைத் திட்டிக்கொண்டே அதில் ஆடினேன். பிறகு வேறு கோலைத் தொட மனம் வரவில்லை.

இத்தனை தெரிந்த மனுஷன் செய்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஈப்போச் சங்கத்தோடு போட்டி. ஓர் ஆட்டமாவது ஜெயிக்காத தோட்டத்துச் சங்கத்தை அடுத்த வருஷம் கூப்பிடுவதில்லை என்பது அவர்கள் வைத்த சட்டம். நாங்கள் எல்லோரும் தோற்று, அவர் ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. முந்தின நாள் அவருடைய கோலின் நுனித்தோல் கழன்றிருந்தது. ஒட்டப் பசை இல்லை. தோட்டத்தில் எதற்குப் பஞ்சம்? கித்தாப் பாலைத் தொட்டு ஒட்டிவிட்டார்! ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் தோல் நழுவ, பந்து மேசையைத் தாண்டிக் குதித்து ஈப்போத் தலைவரின் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. வெள்ளைக் கால்சட்டை பாழ். முதலில் சிரித்தவர் கதிரேசன்தான். "கித்தாத் தோட்டத்து ஆளுன்னு காட்டிட்டேன்லா!"

பிறகு அவர்களுடைய கோல்களையே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் உருட்டினார். ஒன்றை எடுத்ததும் ஈப்போக்காரர்கள் கேலி செய்தார்கள்: "அண்ணே, அது ஒட்டடை அடிக்கிற குச்சி!" "அடிச்சா அடிச்சிட்டுப் போங்க தம்பி, இதுதான் நேரா இருக்கு" என்றவர், அதைக் கொண்டே ஈப்போப் பக்கம் ஆடிய ரயில்வே ஆபீஸ் நடராஜனை ஜெயித்தார். நம் இடம் தப்பியது.

மறுவாரமே அந்த நடராஜன் தோட்டத்துக்கு வந்து, "எனக்கும் ஒரு கோல் பாத்துக் குடுங்கண்ணே" என்று நின்றார். இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "புத்தி கெட்டுப்போச்சா டிரெஸ்ஸரே? நாளைக்கு அந்தக் கோலாலேயே நம்மள அடிப்பான்" என்றேன். "கோணக் கோல் வச்சிருக்கறவன ஜெயிச்சு என்ன பெருமை கிராணி? நல்ல கோலோட வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அதன் பிறகு வருஷா வருஷம் நடராஜனை மூச்சு முட்டித்தான் ஜெயித்தார். அவர் ஜெயித்த அந்த ஓர் ஆட்டத்தில்தான் நம் சங்கம் பிழைத்துக் கிடந்தது. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மயானக் காடு போய்த் திரும்பும் வழியில் நடராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அழுது கண் வீங்கியிருந்தது. அடுத்த மாதம் போட்டி. டிரெஸ்ஸர் இடத்தில் ஆட என்னை விட்டால் ஆளில்லை. நான் ஆடும் லட்சணம் நடராஜனுக்குத் தெரியும். "இந்த வருஷம் அண்ணன் எடுத்துக் குடுத்த கோல வீட்டுலயே வச்சிட்டு வாரேன், கிராணி. சங்கத்துல கெடக்கற ஏதாச்சும் ஒண்ணுல ஆடறேன். உங்க இடம் போயிடக் கூடாது" என்றார்.

நல்ல மனுஷன், மனசாரத்தான் சொன்னார். சரியென்று சொல்லிவிடலாமா என்று எனக்கும் வாய்வரை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கதிரேசனோடு இத்தனை வருஷம் பழகி நான் எடுத்துக்கொண்டது 'நல்ல கோலோட வரட்டும்' என்ற அவருடைய அந்த ஒரு பிடிவாதத்தைத்தான்.

"அதெல்லாம் வேணாம் நடராஜன். அந்தக் கோலையே கொண்டாங்க" என்றேன்.