குப்பைமேனிக்கு ஒரு பாத்தி

பிச்சாட்டூர்ப் பக்கம் பொண்ணு பார்ப்பதென்றால் கோயிலில்தான். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று ரெண்டு வீட்டாரும் கௌரவமாகக் கலைந்து போகலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதெல்லாம் ஆகுமா? பெங்களூர்க்காரர்கள் ஆயிற்றே! அவர்கள் ஊரில் டிக்கெட் வாங்கிச் செடி பார்க்கிற பெரிய தோட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

"பொறந்ததிலிருந்து செடியிலயே கெடக்கிறேன். எனக்கு டிக்கெட் வாங்கிச் செடி காட்டப் போறாங்களாம், நல்ல கூத்து!" பஸ் பலமனேர் தாண்டுகிறவரை கோவிந்தம்மாள் பொருமிக்கினே வந்தாள். ஊரார் நிலத்திலெல்லாம் களை பிடுங்கி, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கி, புருஷன் போன பிறகு ஒண்டியாக மகளைப் படிக்க வைத்தவள். மகள் யாமினிக்கு மாப்பிள்ளை லோகேஸ்வரனைப் பிடித்திருந்தது. தன் வாயால் இந்தச் சம்பந்தம் கெடக்கூடாது என்று தோட்டத்து வாசலிலேயே கோவிந்தம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே எருக்குக்குக் கம்பி வேலி, கள்ளிக்குக் கண்ணாடி வீடு. அடடா, கள்ளிக்கு வந்த வாழ்வைப் பார்! மாப்பிள்ளையின் அம்மா தேவசேனா கூலிங் கிளாஸோடு ஒவ்வொரு இலைக்கும் "வாவ்" போட்டுக்கினு நடந்தாள். வயலில் கால் வைத்தால் அலறுகிற ஜாதி என்று கோவிந்தம்மாள் மனசுக்குள் காறித் துப்பினாள்.

வாயைக் கட்டினாளே தவிர கையைக் கட்டவில்லை. ஒரு பாத்தி நிறைய குப்பைமேனி. களை என்றால் அந்தக் கை சும்மா இருக்குமா? யாமினியின் வேலையைப் பற்றிப் பேசிக்கினே குனிந்து பாதிப் பாத்தியைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். விசில் அடித்துக்கொண்டு காவலாளி ஓடிவந்தான். அது மூலிகைப் பாத்தியாம்.

"யார் கூட வந்தீங்க?" என்று அதட்டினான். கோவிந்தம்மாள் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் கை காட்டினாள்.

"இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதுப்பா" என்றாள் தேவசேனா, கூசாமல். லோகேஸ்வரன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பூவைப் போட்டோ எடுக்க ஆரம்பித்தான். தூ, இவனெல்லாம் ஆம்பளை!

"எங்கம்மா சார். தெரியாம பண்ணிட்டாங்க" என்று யாமினி பட்டுப் புடவையோடு உட்கார்ந்து, பிடுங்கியதையெல்லாம் திரும்ப நட்டாள். பாட்டில் தண்ணீரையும் ஊற்றினாள். காவலாளி முணுமுணுத்துக்கினே போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் தேவசேனா சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். "வாங்க சம்பந்தி, டிபன் சாப்பிட்டுப் பேசலாம்."

கோவிந்தம்மாளுக்கு அவளை நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் மகளுக்காக, "வரோம்மா" என்றாள்.

யாமினி மண் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தாள். லோகேஸ்வரனை நேராகப் பார்த்தாள்.

"நீங்க போட்டோ எடுங்க. நானும் எங்கம்மாவும் பஸ்ஸுக்குப் போறோம்."