கல்யாணக் கார்டுக்கு ஒரு அப்பா முகம்

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் கார்டு அடிக்கும் வேலை நான் கேட்டு வாங்கிய பதவி அல்ல. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில், சின்னதுகளுக்கு நிறம் தீட்டப் படம் வேண்டுமே என்று ஒரு கலர் பிரிண்டர் வாங்கினேன். அதைப் பார்த்த நாளிலிருந்து சடங்கு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் என் காம்பராவுக்குத்தான் வருகிறார்கள். கொஞ்சமாக அடித்துத் தரச் சொன்னால் டவுன் அச்சகத்தில் முகம் சுளிப்பார்கள். லயத்துக் கல்யாணத்துக்குக் கட்டுக்கட்டாகக் கார்டு எதற்கு?

அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் நாலு பேர் கை மாறி, கைக்குக் கை தேய்ந்து, கடைசியில் மூக்கு எது வாய் எது என்று தெரியாத நிலையில் என்னிடம் வந்து சேரும். "கொஞ்சம் க்ளியர் பண்ணிக் குடுங்க டீச்சர்" என்பார்கள். இல்லாததை எங்கிருந்து க்ளியர் பண்ணுவது? கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றுங்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள், வாசல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? போதாக்குறைக்கு எங்கள் மழை. கார்டு அட்டைகளை பிஸ்கட் டின்னில் மூடி வைக்காவிட்டால் ஈரம் இழுத்து மை பரவிவிடும். எங்கள் ஆட்களின் முகத்தைப் பிரிண்டர் கரியாக்கிவிடும். போனில் இருக்கிற ஆப் வெள்ளைக்காரனாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷ முகத்தைக் கொண்டுவருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

பக்கத்துக் காம்பராக்காரியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா இன்னும் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகள் எஹலியகொடையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அப்பா இல்லை. மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது, அடைமழைக்காலத்தில் பழைய லயத்தின் மேல் மலை சரிந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருந்தார். அதனால் இரண்டு பேர் மிஞ்சினார்கள். கல்யாணப் படம், அலுமாரி, பாத்திரம் பண்டம் எல்லாம் மண்ணுக்குள் போனது. அடையாள அட்டையும் புதைந்துபோன அப்பாவின் சட்டைப்பையிலேயே போனது.

எங்கள் பக்கத்தில் செத்துப்போன அப்பா கார்டில் இருந்தாக வேண்டும். பிள்ளையாருக்குக் கீழே, அமரர் என்று போட்டு, முகத்தோடு. அவர் ஆசியில்தான் கல்யாணம் நடக்கிறது. படமில்லாத கார்டை நீட்டினால், இந்தப் பெண்ணுக்கு அப்பன் யார் என்று வாய்விட்டுக் கேட்காமல் கண்ணால் கேட்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் ஆசை அதற்காக மட்டும் இல்லை. அவள் தன் அப்பாவின் முகத்தை ஒரு தடவைகூடப் படத்தில் பார்த்தது கிடையாது.

தேடித் தேடி ரம்புக்கனை பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு படம் கிடைத்தது. தோட்டத்துக் கோவில் தேரன்று எடுத்த கூட்டப் படம். பின்வரிசையில் ஒரு ஓரமாக அவர் நின்றிருந்தார். முகம் சுண்டுவிரல் நகத்தளவு. நெற்றி நிறையத் திருநீறு. கடைக்காரர் அதைச் சுவரில் தொங்கியபடியே ஃப்ளாஷ் போட்டு எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் சரியாக அவர் கழுத்தில் விழுந்திருந்தது. நான் அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். பிறகு அக்காவே ரயிலேறிப் போய்ப் படத்தை வாங்கி, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார்.

டவுனில் போட்டோகாப்பி அடிக்கும் கொமினிகேஷன் கடையில் கொடுத்து, எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக ஸ்கேன் பண்ணச் சொன்னேன். கொமினிகேஷன்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "மூன பேன்னே நே நே" என்றார். முகமே தெரியவில்லையே என்று அவர் சிங்களத்தில் சொன்னது அக்காவுக்கும் விளங்கியது.

வீட்டில் உட்கார்ந்து அந்த முகத்தோடு மல்லுக்கட்டினேன். மஞ்சள் பூத்திருந்ததைக் குறைத்தேன். கன்னத்து நிழலைக் கொஞ்சம் தூக்கினேன். தூசிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தபால் முத்திரை அளவுக்கு அடித்துப் பார்த்தால் ஆள் நின்றார். அதற்கு மேல் பெரிதாக்கினால் கலைந்துபோனார். அக்கா அந்தச் சின்ன முகத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இவருதான்" என்றார்.

மகளுக்கு அது போதவில்லை. "கண்ணு எப்படி இருக்குன்னே தெரியலையே டீச்சர். சிரிக்கிறாரா மொறைக்கிறாரான்னு தெரியல."

மறுநாள் வேலை விட்டு வந்தவள் நேரே என் காம்பராவுக்கு வந்தாள். அம்மாவும் அங்கேதான் இருந்தார். அவள் தன் போனை நீட்டினாள். முகங்களைத் துலக்கித் தருகிற ஆப் ஒன்றில் படத்தைப் போட்டிருக்கிறாள். திரை நிறைய ஒரு ஆண் முகம். இமை முடிகூட எண்ணலாம். மினுமினுவென்ற தோல், வரிசையான உதடு, நல்ல அழகன். நாள் முழுக்க வெயிலிலும் அட்டைக்கடியிலும் பால்வாளி தூக்கிய ஆளின் சாடை அதில் துளியும் இல்லை.

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். "யாரும்மா இது?"

"அப்பாம்மா."

"நெத்தியில துன்னூறு எங்க?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த ஆப் திருநீற்றை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. அதற்கு விபூதியைத் தெரியுமா, மங்கலைத் தெரியுமா?

"அவரு துன்னூறு இல்லாம மலைக்குப் போக மாட்டாரு. இது வேற யாரோ," என்றார் அக்கா. "டீச்சர் செஞ்சதையே போடுங்க."

மகளின் முகம் சிவந்துவிட்டது. "ஒனக்கு மனசுல இருக்காரும்மா. கண்ண மூடினா வருவாரு. எனக்கு என்னா இருக்கு? எனக்குப் பாக்குறதுக்கு ஒரு மொகம் வேணும்."

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. ஆப் காட்டுவது பொய் என்று அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன். அது இருந்ததை மீட்கவில்லை, தெரியாத இடத்தில் யாரோ ஒருவனைக் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, அவள் அப்பாவை இரண்டாம் முறை புதைத்தது நான்தான் என்பது போல இருந்தது.

கார்டில் முத்திரை அளவுப் படமே போனது. மகள் அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். கார்டு கொடுக்கப் போகும்போதுகூட ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். ஒரு சாயங்காலம் அக்கா என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "அவ போன்ல அந்தப் படத்தத்தான் வச்சிருக்கா டீச்சர். எட்டிப் பாத்துட்டேன். இப்பல்லாம் கண்ண மூடினா எனக்கும் அந்த ஆளுதான் வாராரு. இவர தேட வேண்டியிருக்கு" என்றார்.

கல்யாணம் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில். நான் போனபோது மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பெரிய சட்டம் போட்ட படம் இருந்தது, மாலையோடு. அதே அழகன். மகள் யாருக்கும் சொல்லாமல் இரத்தினபுரியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் செய்து வந்திருக்கிறாள்.

வந்தவர்கள் எல்லோரும் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அவரோடு ஒன்றாகப் பால் வெட்டிய பெரியவர் ஒருவர், "அப்படியே இருக்கான். முழி கூட அதே முழி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர்கூட இது அவர் இல்லை என்று சொல்லவில்லை. ரம்புக்கனைச் சொந்தக்காரர், தன் வீட்டுப் படம்தான் இப்படி வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

அக்கா சமையல்கட்டுப் பக்கமே நின்றார். தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வருவதில்லை. தாய்மாமனும் அவர் மனைவியும்தான் தாரைவார்த்துக் கொடுக்க உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டியதும், பெண்ணும் மாப்பிள்ளையும் அப்பா படத்தை விழுந்து கும்பிட எழுந்தார்கள்.

அப்போது அக்கா நடந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு கிழவி, "நீ எங்கடி போற" என்று கையைப் பிடித்தாள். அக்கா விடுவித்துக்கொண்டார். ஐயர் பக்கத்திலிருந்த திருநீற்றுத் தட்டில் மூன்று விரலைத் தோய்த்து, கண்ணாடிமேல் அந்த வெறும் நெற்றியில் இடமிருந்து வலமாக அழுத்தி இழுத்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புருஷனோடு சேர்ந்து தரையில் விழுந்து கும்பிட்டாள்.

அக்கா திரும்பிப் போகும் வழியில் என் பக்கத்தில் நின்றார். விரலில் மிச்சமிருந்த திருநீற்றை எங்கே துடைப்பதென்று தெரியாமல் கையை நீட்டியபடியே வைத்திருந்தார்.

"மொகந்தான் அவரோடது இல்ல டீச்சர். நெத்தியாவது அவரோடதா இருக்கட்டும்."