எறும்பாருக்குப் போட்ட கதிரை

வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நாலு வயது ஆரணியின் அம்மா ஒருமுறை படக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார்.

"பிள்ளையளுக்கு மரியாதை பழக்குங்கோ, டீச்சர்" என்று தந்தார்.

கதையில் யானையின் வீட்டுக்கு எறும்பு வரும். யானை ஓடிப்போய் அது உட்காரக் கதிரை இழுத்துப் போடும். வாசிக்கும்போது அந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகள், "இருங்கோ எறும்பார்!" என்று கத்துவார்கள். ஆரணியின் குரல்தான் முந்தும்.

ஒருநாள் அந்த அம்மா கொதித்துக்கொண்டு வந்தார். அவர்களுடைய வயலில் வேலை செய்யும், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மலையகத்துப் பெரியவர் முற்றத்து மண்ணில் குந்தியிருந்துதான் தேத்தண்ணீர் குடிப்பார். அது அந்த வீட்டு வழக்கம். ஆரணி அவருக்குக் கதிரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டாளாம்.

"அவனும் இருந்திட்டான், டீச்சர்! பிறகு கதிரையைக் கழுவினனான்."

"புத்தகத்தில அப்பிடித்தானே இருக்கு?"

"அது எறும்பு, டீச்சர். இது ஆக்களின்ர விசயம்."

இவ்வளவையும் நான் போட்ட கதிரையில் இருந்துகொண்டுதான் சொன்னார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அருவருத்தது. மரியாதை பிள்ளைகளுக்குத்தான் தெரியாது என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.

இப்போதும் அந்தப் பக்கம் வந்தால் வகுப்பே கத்துகிறது. ஆரணி மட்டும் வாய் திறப்பதில்லை. அவளுக்கு வீட்டிலேயே மரியாதை பழக்கிவிட்டார்கள்.