என் மனைவியின் வலது கை

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், மே மாத லீவில், உத்திரமேரூரில் சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் கிடார் வகுப்பு நடந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். பிளெக்ட்ரம் என்கிற பிளாஸ்டிக் சில்லு இல்லாமல் வெறும் விரலாலேயே வாசிக்கிற முறை. கட்டைவிரல் தடித்த கம்பியில் தாளம் போட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்க வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தோம். அதில் ஏற்கெனவே கிடார் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எங்கள் ஊர் இன்னிசைக் குழுவில் ஆறு வருஷமாக வாசிக்கிறவன், காவாந்தண்டலம் வரைக்கும் கல்யாணக் கச்சேரிக்குப் போனவன். அந்தத் தெனாவட்டில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. கட்டைவிரலை அசைத்தால் மற்ற விரல்களும் கூடவே அசைந்தன. சில்லைப் பிடித்தே பழகிய கை பிரிந்து வேலை செய்ய மாட்டேன் என்றது.

இரண்டாம் நாள் மத்தியானம் என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். வாத்தியார் வாசிப்பதைக் கேட்டபடி வாசலில் நின்றவளின் விரல்கள் கேரியர் மூடிமேல் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, கிடார் தெரியுமா?"

"இல்லீங்க சார். டைப்பிங்தான் தெரியும்."

"வந்து ஒக்காரு. தம்பி, கிடார அவங்ககிட்ட குடு."

கொடுத்தேன். இடது கையால் கம்பிகளை அழுத்தாமல், வலது கையால் மட்டும் வாசித்தாள். கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போனது, மூன்று விரல்கள் தம்பாட்டுக்குப் போயின. வாத்தியார் தொடையில் தட்டி, "அப்டிப் போடு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

மறுநாளிலிருந்து அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். கிடார் ஒன்றுதான். வீட்டில் உலை கொதிக்கிற நேரத்தில்கூட அதை மடியில் வைத்துக்கொள்வாள். "கட்டவெரல எண்ணிக்கினு இருக்காதீங்க. அது பாட்டுக்கு போய்க்கினு இருக்கட்டும்" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். "எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம்தான் அந்த வேலையைச் செய்தேன். வலது கையில் கொஞ்சம் நகம் இருந்தால்தான் கம்பி கணீரென்று கேட்கும், வெட்டாதீர்கள் என்று வாத்தியார் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த முதல் நாள் அவள் வகுப்பில் இல்லை.

"இன்னா இவ்ளோ நகம் வெச்சிக்கினு கீற? கம்பி அறுந்துடும். வெட்டு" என்றேன்.

பிளேடை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். இரண்டு விரல் முடிந்தபோது நிறுத்தச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் வாத்தியார் அவள் கையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா வெட்டச் சொன்னது?" என்றார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நானேதான் சார். பாத்திரம் தேய்க்கறப்போ ஒடஞ்சிக்கினே இருந்திச்சி."

"பரவால்ல, சதையிலயே வாசி."

சத்தம் பாதியாகக் குறைந்தது. அதைக் கேட்பதற்காகவே மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

கடைசி நாள் சர்ச் ஜனங்கள் முன்னால் ஆளுக்கொரு பாட்டு வாசித்தோம். நான் நடுவில் தடுமாறி, சட்டைப்பையிலிருந்து சில்லை எடுத்து மீதியை ஒப்பேற்றினேன். அவள் தவறில்லாமல் முடித்தாள். ஒரு பெரியவர் அவளிடம் வந்து, "ஊட்டுக்காரரு நல்லா சொல்லிக் குட்த்துகீறாரு" என்றார். "ஆமாங்க" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "நகத்த வேணும்னேதான் வெட்டச் சொன்னேன்."

"தெரியும். மொத நாளு நோட்டுல நீங்களே எழுதி வெச்சிகீறீங்க. வெட்டினப்புறந்தான் பாத்தேன்."

"அப்போ வாத்தியார்கிட்ட ஏன் சொல்லல?"

"அத்தினி பேரு முன்னாடியா?"

இரண்டு மாதம் கழித்து அவள் அண்ணனோடு காஞ்சிபுரம் போய்த் தனக்கென்று ஒரு கிடார் வாங்கிவந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் குழுக்காரர்கள் அவளையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். "அவர ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்" என்றாளாம். வந்து கேட்டாள். சரி என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.