பின்னறைக்கு மூன்றாம் அழைப்பு

ஹார்லன் டோர்விக் அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடியில், எங்கள் சுரங்க ஊரில் பிறந்து, அங்கேயே முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பளவு பனி விழுந்த காலையிலும் அவர் வண்டி தாமதமாக வந்தது என்று யாரும் சொன்னதில்லை. பேச்சு அவரிடம் எப்போதுமே குறைவு. சென்ற அக்டோபரில் மனைவி ஆர்டிஸ் இறந்தபின் அதுவும் வற்றிவிட்டது. கடைக்குப் போனால், "ஆமா, குளிர்தான்" என்பதோடு திரும்பிவிடுவார்.

பிப்ரவரி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, நண்பர் டுவேன் அவரை தெற்கே அலபாமாவின் வளைகுடாக் கரைக்கு விமானத்தில் கூட்டிப் போகக் காரில் வந்தார். அங்கே வெர்ன் இருந்தார். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வெர்ன் சில ஆண்டுகளுக்கு முன் குளிருக்குப் பயந்து கடலோரம் போய், அந்த ஊர்க்காரி நடீனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிறன்று திரும்புவதாக ஏற்பாடு.

டுவேன் வந்தபோது ஹார்லன் நிலவறையில் இருந்தார். குழாய்களிலிருந்த தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, கணப்பையும் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளைக்கு எதுக்குடா தண்ணியை நிறுத்தறே? ஏதோ குளிர்காலம் பூரா ஊரைவிட்டுப் போறவன் மாதிரி!"

"சும்மாதான். தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிடப் போகுது."

அது சும்மா இல்லை. கிறிஸ்துமஸ் சமயம் தொலைபேசியில் வெர்ன், "பின்னால ஒரு அறை காலியாத்தான்டா கிடக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹார்லன் ஜனவரியைத் தாண்டினார். வெர்ன் தங்கச் சொல்வார், தங்கிவிடலாம். கைப்பெட்டியில் கோடை வரைக்குமான ரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தன.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், "இவ்வளவு சொல்றீங்களே" என்று வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையே கை நீட்டுகிறவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவை கேட்காதவன் கொடுக்க மனமில்லாதவன். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடும்.

வெள்ளி மாலை நடீன் வறுத்த இறாலைத் தட்டு நிறையக் கொண்டுவந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, கண்ணு?"

"வேண்டாங்க, போதும்," என்றார் ஹார்லன்.

"சரி," என்று அவள் மிச்சத்தை டுவேன் தட்டில் கவிழ்த்துவிட்டுப் போனாள். ஹார்லன் தன் தட்டையே பார்த்தார். டுவேனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"டேய், இங்கெல்லாம் ஒரு தடவைதான்டா கேப்பாங்க! பட்டினி கிடந்தே செத்துடுவே!"

வெர்னும் சிரித்தார். "நடீன், இவனுங்களை மூணு தடவை கேக்கணும். நானும் அப்படித்தானே இருந்தேன்?"

"மூணு மூணு தடவை கேட்டுக்கிட்டிருந்தா நான் எப்போ சாப்பிடறது?" என்றாள் நடீன்.

சாப்பிட்டபின் வெர்ன் பின்னறையைத் திறந்து காட்டினார். கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஓர் எலுமிச்சை மரம், தனி வாசல். "பேசாம இங்கேயே இருந்துடேன்டா, ஹார்லன். அங்க தனியா என்ன பண்ணப் போறே?"

ஹார்லன் கட்டிலை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "சேச்சே, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு," என்றார். அது முதல் தடவை.

சனிக்கிழமை கடற்கரைக்குப் போனார்கள். நடீன் கம்பளிச் சட்டை மாட்டி, காதையும் மூடிக்கொண்டு வந்தாள். டுவேன் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டார். "இந்த வெயிலுக்குப் போய்க் கம்பளியா! எங்க ஊர்ல ஜூலையே இப்படித்தான் இருக்கும்!" என்று கத்தினார். ஹார்லன் செருப்பைக் கழற்றி மணலில் பாதத்தைப் புதைத்தார். மணல் கதகதப்பாக இருந்தது. ஆர்டிஸ் போனபிறகு அவர் பாதம் சூடானது அன்றுதான்.

வெர்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அலையைப் பார்த்தபடியே, "நெஜமாத்தான் கேக்கறேன்டா. இங்க வந்து இருக்கியா?" என்றார்.

"இல்ல வெர்ன். அங்க வீடு இருக்கே." இரண்டாம் தடவை.

சொல்லிவிட்டு ஹார்லன் காத்திருந்தார். வெர்னின் தோள்கள் மெல்ல இறங்கின. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். "நீ சொன்னா சரிதான்," என்று சட்டென்று எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, "டுவேன்! ஏறி வாடா, சாப்பிடப் போகலாம்!" என்று கூப்பிட்டார்.

அந்தத் தோள்கள் அப்படி இறங்குவதை ஹார்லன் அறிவார். ஆகஸ்டில் ஆர்டிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, டாக்டரிடம் போகலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். மறுவாரம் கேட்டார். வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தது, அவருக்கும் அலுப்பு. அந்த இரண்டாம் 'வேண்டாம்' வந்ததும் அவர் தோள்கள் இப்படித்தான் இறங்கின. புல் வெட்டப் போய்விட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது செப்டம்பர் முடிந்துகொண்டிருந்தது. அவள் உடனே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். டாக்டர்கள் செய்வதற்கு அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

வெர்னைக் குறை சொல்ல அவரால் முடியவில்லை. ஆனாலும் சாயங்காலம் முழுக்க ஹார்லன் வெர்னின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை காபி குடிக்கும்போது, "அந்த அறையில கணப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கே. ஏன்?" என்றார் வெர்ன்.

"சும்மா கேட்டேன்."

நடீன் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். வெர்ன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவிய இடத்திலேயே மறுபடி தடவினார்.

விமான நிலைய வாசலில் எங்கள் ஊர் வழக்கப்படி விடைபெறுதல் நெடுநேரம் நடந்தது. மீனைப் பற்றி, டுவேனின் முழங்காலைப் பற்றி, ஏரியில் இந்த வருஷத்துப் பனிக்கட்டியைப் பற்றி. ஹார்லன் பெட்டியைத் தரையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வெர்ன் அவர் தோளில் கை வைத்தார். "ஹார்லன்..." என்றார். ஹார்லன் 'சரி' என்பதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உடம்பைப் பார்த்துக்கோ," என்றார் வெர்ன்.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலை மூடியிருந்த புதுப் பனியில் ஒரு காலடித்தடம்கூட இல்லை. ஹார்லன் இறங்கிப் பெட்டியைக் கீழே வைத்தார்; டுவேன் எஞ்சினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"உள்ள வாயேன், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாம்," என்றார் ஹார்லன்.

"வேண்டாம்பா, லேட்டாயிடுச்சு."

"அஞ்சு நிமிஷம்தான். வா."

"இல்லடா, வீட்ல காத்திருப்பா."

"வாடா, டுவேன். காபி குடிச்சிட்டுப் போ."

டுவேன் சிரித்துக்கொண்டே வண்டியை அணைக்கச் சாவியைத் திருப்பப் போனார். கை பாதியில் நின்றது.

"குழாயெல்லாம் வடிச்சு விட்டுட்டுத்தானே வந்தே? எந்தத் தண்ணியிலடா காபி போடுவே?"

டுவேன் இருட்டிய ஜன்னல்களைப் பார்த்தார். ஹார்லனின் காலடியிலிருந்த கனத்த பெட்டியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது ஹார்லனுக்குத் தெரிந்தது. டுவேன் முகத்தைத் திருப்பி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்.

"வாடா," என்றார் ஹார்லன். எங்கள் ஊரில் நான்காம் தடவை யாரும் கேட்பதில்லை.

"மொதல்ல கணப்பைப் போடுடா," என்றார் டுவேன், தாழ்ந்த குரலில். "நாளைக்கு வரேன்."

டுவேனின் தோள்கள் இறங்குவதைப் பார்க்காமலிருக்க ஹார்லன் குனிந்து பெட்டியை எடுத்தார். கார் போன சத்தம் அடங்கியபின், நிலவறைக்குப் போய்க் கணப்பைப் போட்டுவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய்கள் வெகுநேரம் வெறும் காற்றையே இருமின.