சாலைக்கு இந்தப் பக்கம் கூடிய கிராமசபை

அக்டோபர் இரண்டாம் தேதி, காலை ஐந்தே முக்காலுக்குத் தாம்பரத்தில் மின்ரயில் ஏறினோம், நானும் ஜெனிஃபரும். செங்கல்பட்டு வரை பத்து ரூபாய். அவள் சட்டம் படிக்கிறாள், நான் சமூகவியல். எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவிகளும் ஆசிரியைகளும் படித்து முடித்துப் போனவர்களும் சேர்ந்து ஒரு மகளிர் வட்டம் நடத்துகிறோம். ஊராட்சிகளில் பதவிக்கு வந்திருக்கும் பெண்களோடு கூட நிற்பதுதான் அதன் வேலை. அப்படித்தான் சுமதியக்கா எங்களுக்குக் கிடைத்தார். உத்திரமேரூர் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்குத் தலைவர், காலனிக்காரர். அன்றைக்கு அவருடைய கிராமசபை.

செங்கல்பட்டில் பேருந்து மாறினோம். புக்கத்துறையில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் காற்றே வேறாகிவிட்டது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கிடந்தது. செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஜன்னலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மா என்னையும் என் மடியிலிருந்த மைக் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பாட்டுக் கச்சேரியா?"

"இல்லைங்க, கிராமசபை."

"அதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆளு? எங்கூர்ல சத்தம் போட ஆளுக்கா பஞ்சம்?"

எட்டேகாலுக்கு உத்திரமேரூர். பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். உள்ளே போனதும் சுவர் முழுக்க எழுத்து. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதிகளை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு வரியின் மேல் விரல் படாமல் கையை ஓட்டிப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. ஜெனிஃபர் மட்டும் தகுதிகளைத் தன் கைபேசியிலிருந்து வாசித்தாள்: சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும்.

"சுமதியக்கா பேரு குடத்துக்குள்ளயே போயிருக்காதுடி" என்றாள். நான் அந்தச் சுவரை இன்னொரு தரம் பார்த்தேன். அப்போதும் அது அழகாகத்தான் இருந்தது.

ஒன்பது மணி. சுமதியக்காவின் கணவர் முருகன் ஆட்டோவோடு வந்தார். கூரையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகும் வழியெல்லாம் சுமதியக்காவின் குரல் பதிவு ஓடிக்கொண்டே வந்தது: "காலை பதினோரு மணிக்கு, காலனி சமுதாயக் கூடம் எதிரில்..."

இந்த இடம்தான் விஷயமே. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலை. கிராமசபை எப்போதும் சாலைக்கு அந்தப் பக்கம், கோயில் மண்டபத்தில்தான் நடக்கும். ஒவ்வொரு பகுதியிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்ற விதியை ஜெனிஃபர்தான் எடுத்துக் கொடுத்தாள். சுமதியக்கா அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நூறு பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கோரம், அப்போதுதான் கூட்டம் செல்லும். காலனியில் வீட்டிலிருக்கும் ஓட்டுள்ளவர்களை எண்ணினால் அறுபதைத் தாண்டாது. மிச்சம் சாலையைக் கடந்துதான் வரவேண்டும்.

சுமதியக்கா சாம்பல் நிறச் சேலையில் வாசலிலேயே நின்றிருந்தார். எங்களுக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார்:

"மூணு வருசமா மண்டபத்துப் படிக்குக் கீய நின்னுக்கினுதான் தலைமை தாங்கினேன். மைக்க கீய நீட்டுவாங்க, பேசுவேன். இன்னிக்கு கோரம் சேரலன்னா, துணைத் தலைவரு கூட்டத்தத் தள்ளிவெச்சு மறுபடி மண்டபத்துக்கே இட்டுக்கினு பூடுவாரு. அப்புறம் இங்க ஒரு கூட்டம் நடக்கவே நடக்காது."

சென்னையில் எங்கள் வகுப்பறையில் நான்கு சனிக்கிழமை ஒத்திகை பார்த்திருந்தோம். துணைத் தலைவராக நடித்தவள் நான்தான். "நீ திட்டறது நியூஸ் வாசிக்கிற மாரி கீது" என்று அக்கா சிரித்ததில் பாதி ஒத்திகை கலைந்துபோகும்.

அன்றைக்கு எங்கள் பங்காக நூறு சிவப்பு நாற்காலி. வாடகை ஒன்றுக்கு எட்டு ரூபாய், வட்டத்தில் வசூலித்தது. "சேர் வாணாம்மா" என்று அக்கா இரண்டு முறை சொல்லியிருந்தார். மரியாதையாக இருக்கும் என்று நாங்கள் விடவில்லை. வரிசை பிசகாமல் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது.

பதினொன்றே கால். ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை.

காலனிக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள், நல்ல கூட்டம். ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம், புங்கமரத்தடியில். அவர்கள் நிற்கும்போது இவர்கள் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். இவர்களோடு வரிசையில் உட்கார அவர்கள் வரமாட்டார்கள். நடுவில் எங்கள் நூறு நாற்காலி வெயிலில் பளபளத்தது. துணைத் தலைவர் பைக்கில் சாய்ந்தபடி, "இன்னா சுமதி, சேருக்கெல்லாம் ஓட்டு உண்டா?" என்று கேட்டார். மரத்தடி சிரித்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு வரை பொறுக்கலாம் என்றார். ஜெனிஃபர் மைக்கை எடுக்கப் போனாள்.

அக்கா அவள் கையைப் பிடித்தார். "நீங்க வந்தது பேசறதுக்கில்ல கண்ணு. நான் பேசறப்ப கூட நிக்கறதுக்கு."

பிறகு மைக்கில், பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் சொன்னார்: "சேரெல்லாம் ஓரமா அடுக்குங்கப்பா. ராஜேஸ்வரியக்கா, நெல்லு அள்ளி முடிச்சிட்டீங்க இல்ல? உங்க களத்துத் தார்ப்பாய் ரெண்டு குடுங்க. நம்ம கூட்டந்தான், வெறுந்தரையில உக்காந்தா சுடும்."

ராஜேஸ்வரி ஊர்ப்பக்கத்துக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தலைவி, நல்ல நிலம் உள்ள வீடு. மரத்தடியில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னாடி பாக்கறீங்க, புடிங்க ஒரு பக்கம்" என்றார். குழுப் பெண்கள் மரத்தை ஒட்டிய களத்திலிருந்து இரண்டு நீலத் தார்ப்பாய்களைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். காலனிப் பெண்கள் மறுமுனையைப் பிடித்தார்கள். உதறி விரித்ததும் நெல் தூசி எழுந்து வெயிலில் மின்னியது. தன் தார்ப்பாயில் ராஜேஸ்வரியே முதலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு பெண்கள் வந்தார்கள். பின்னாலேயே, எங்கோ பார்த்துக்கொண்டு, ஆண்களும் வந்தார்கள்.

பதினொன்று ஐம்பதுக்கு நூற்றுப் பதினேழு பேர். எல்லாரும் தரையில். அடுக்காமல் விட்ட நாற்காலி இரண்டே. ஒன்று ஒன்றிய அதிகாரிக்கு. இன்னொன்றில் சுமதியக்கா உட்கார்ந்தார். அவருடைய சொந்தக் கிராமசபையில் முதல் தடவையாக.

காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்பது முதல் தீர்மானம். துணைத் தலைவர் சாலைக்கு அந்தப் பக்கம், பைக்கருகிலிருந்தே எதிர்த்துக் கத்தினார். "காதுல வியல, இங்க வந்து சொல்லுங்கண்ணா" என்றார் அக்கா. மைக் வயர் சாலை வரை எட்டாது. அவர் வந்தார். தார்ப்பாயின் விளிம்பில் வந்ததும் நின்று, செருப்பைக் கழற்றினார். நெல் காயும் பாயைச் செருப்போடு யாரும் மிதிப்பதில்லை. யோசித்திருக்க மாட்டார், கால் பழக்கம்.

காலனிக்காரர்கள் எல்லாரும் அந்தக் கால்களையே பார்த்தார்கள். எந்தக் காலத்தில் யார் எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றி நடந்தார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். என் பக்கத்திலிருந்த பெண் மூச்சுக்குள் சொன்னாள்: "கயட்டிக்கினு வர்றாரு பாரு." சுமதியக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சொல்லுங்கண்ணா" என்று மைக்கை நீட்டினார்.

துணைத் தலைவர் நின்றபடியே பேசினார். கடைசிவரை உட்காரவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

மாலை நான்கரைக்குக் கிளம்பினோம். முருகன் ஆட்டோவுக்குக் காசு வாங்கவில்லை. செங்கல்பட்டு ரயிலில் உட்கார்ந்ததும் என் துப்பட்டாவிலிருந்து நெல் தூசி உதிர்ந்தது. காலையில் கல்லெழுத்தின் முன் நின்றபோது உண்டான அதே சிலிர்ப்பு எனக்கு அந்தத் தார்ப்பாயின் முன்னாலும் வந்தது. ஆனால் அங்கே நடந்ததை யாரும் எந்தக் கல்லிலும் வெட்டி வைக்கப்போவதில்லை. எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடம் நினைவுக்கு வந்தது. அங்கே நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள்; மேடைக்கு ஆறு படி. பெண் தலைமை பற்றி நாங்கள் அங்கேதான் பேசுகிறோம்.

அடுத்த மாதம் சுமதியக்கா அங்கே பேச வருகிறார். கூடுவாஞ்சேரி தாண்டும்போது வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: விருந்தினருக்கு மேடையில் எத்தனை நாற்காலி போடலாம்?

"அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதினேன்.