குதிகாலில் தொடங்கியது

சுக்கு மூட்டைகள் என் மேல் சரிந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு குடோனில் சுக்கு பொறுக்கும் வேலை எனக்கு. நாங்கள் பதினோரு பெண்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பூச்சி அரித்ததையும் ஒடிந்ததையும் தனியே எடுத்துப் போடுவோம். எங்களுக்குப் பின்னால் சுவரோரமாக மூட்டைகளை ஆள் உயரத்துக்கும் மேலாக அடுக்கியிருப்பார்கள். அந்த மழைக்காலத்தில் அடி மூட்டை ஒன்றில் ஈரம் ஏறி நெகிழ்ந்திருக்கிறது. எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முதுகில் பாரம், முகம் சுக்குக் குவியலுக்குள், உடனே இருட்டு. மூச்சை இழுத்தால் தூசிதான் வந்தது. கை அசையவில்லை, கால் அசையவில்லை. பெண்கள் கத்துவது காயலின் அக்கரையிலிருந்து வருவதுபோல இருந்தது. சுமை தூக்குகிறவர்கள் ஓடி வந்து மூட்டைகளை அகற்றி என்னை வெளியே இழுத்தார்கள். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று பிறகு கேட்டேன். ஒருத்தி ஐந்து நிமிஷம் என்றாள், இன்னொருத்தி அவ்வளவுகூட இல்லை என்றாள். எலும்பு எதுவும் முறியவில்லை, உதட்டில் மட்டும் ஒரு கீறல். தப்பித்தாயே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தப்பித்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுவாரம் வேலைக்குப் போனேன். யாரோ வாசலில் ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். அடுத்த நொடி நான் கையில் முறத்தோடு நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எழுந்ததும் நினைவில்லை, ஓடியதும் நினைவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துத் திட்டியபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு எல்லாமே சிக்கலானது. கதவு மூடிய அறையில் இருக்க முடியவில்லை. நைட்டியைத் தலைவழியே கழற்றும்போது துணி ஒரு நொடி முகத்தை மூடினால்கூட நெஞ்சு அடித்துக்கொண்டது. குக்கர் விசிலுக்குக் கையிலிருப்பதைக் கீழே போட்டேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. கழுத்து ஒரு பக்கமும் திரும்பவில்லை.

என் கணவர் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலையில் இருந்தார். பெரிய உடம்பு, உரத்த குரல், நல்ல மனசு. கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கிவந்து கட்டினார். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார். நெஞ்சைப் பரிசோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது.

"ஒரு கேடும் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பின்ன எதுக்குப் பயப்படறே?" என்று வரும் வழியில் கேட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். என் உடம்புக்குத் தெரியவில்லை. அதனிடம் போய் யார் சொல்வது?

கழுத்து வலிக்காகத்தான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். மலையாளத்துக்காரி. அவள் பேசியதைப் பாதிக்குப் பாதி தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். என் கழுத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை படுவதற்கு முன்பே என் தோள்கள் இரண்டும் காது வரை ஏறிவிட்டன. அவள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அதுவரை நான் துள்ளும்போதெல்லாம் எல்லோரும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தவர்கள்தான்.

"சேச்சிக்கு என்ன பற்றிச்சு?" என்றாள், அக்காவுக்கு என்ன ஆச்சு என்று.

மூட்டைகளைப் பற்றிச் சொன்னேன். எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டாள். பிறகு எழுந்து கதவை அகலத் திறந்தாள், ஜன்னலையும் திறந்தாள். தரையில் ஒரு பாய் விரித்தாள். படுத்தேன். தலைக்குப் பின்னால் கதவு இருந்ததால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வாய் திறந்து சொல்லவில்லை. அவளாகவே பாயைத் திருப்பிப்போட்டாள். இப்போது படுத்தபடியே வாசல் தெரிந்தது.

"இனி என்ன செய்யணும்?" என்றேன்.

"ஒண்ணும் செய்யண்டா, வேண்டாம். வலது குதிகால் தரையில தொடுதா?"

"தொடுது."

"முழுக்கயா, ஒரு பக்கம் மட்டுமா?"

பிறந்ததிலிருந்து என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கவனித்துப் பார்த்தேன். "வெளிப்பக்கம் மட்டும்."

"இடது?"

"அது... நடுவுல தொடுது."

"ரெண்டும் ரெண்டு மாதிரி, இல்லே? மாத்தண்டா. அப்படியே இருக்கட்டே."

இருபத்தெட்டு வருஷம் இந்தக் கால்களோடு நடந்திருக்கிறேன். இரண்டும் தரையை வெவ்வேறு விதமாகத் தொடுகின்றன என்பது அன்றுதான் தெரிந்தது. கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று அவள் மெதுவாக மேலே கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை, எங்கே கனம், எங்கே குளிர்ச்சி. இடுப்புக்கு அடியில் ஒரு உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வலது தோள் தரையைத் தொடவே இல்லை, அந்தரத்தில் நின்றது. அதைத் தூக்கிவைத்திருப்பது நான்தான் என்பதே எனக்குத் தெரியாது.

முதுகுக்கு வந்தபோது நெஞ்சு படபடவென்று தொடங்கிவிட்டது. சுக்குத் தூசியின் வாசனை மூக்கில் ஏறியது. "வந்திடுச்சு" என்றேன்.

"சரி, முதுகை விட்டுடு. குதிகாலுக்குத் திரும்பிப் போ. அங்கே இப்பவும் தரை இருக்கா?"

இருந்தது. சிமென்ட் தரையின் சில்லிப்பு பாய் வழியாக வந்துகொண்டிருந்தது. நெஞ்சு மூட்டைகளுக்கு அடியில் கிடந்து தவித்தது. அதே நொடியில், அதே உடம்பில், குதிகால் எந்தப் பயமும் இல்லாமல் சாதாரணமாக இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. என் முழு உடம்பும் பயந்துபோயிருக்கிறது என்றுதான் அந்த இரண்டு மாதமும் நினைத்திருந்தேன். பயம் எட்டாத இடம் ஒன்று அங்கேயே, என் காலடியிலேயே இருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் குதிகாலிலேயே இருந்தேன். நெஞ்சின் ஓட்டம் தானாகக் குறைந்தது. பிறகு கண்ணைத் திறந்து அறையை மெல்லச் சுற்றிப் பார்க்கச் சொன்னாள். உரிந்த பச்சை பெயின்ட், ஓடாத மின்விசிறி, ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை. காக்கை நடந்து ஓரத்துக்குப் போனது. என் பார்வையும் கூடவே போனது. அப்போதுதான் கவனித்தேன், என் கழுத்து திரும்பியிருந்தது. இரண்டு மாதமாகத் திரும்பாத கழுத்து, ஒரு காக்கையைப் பார்ப்பதற்காக வலிக்காமல் திரும்பியிருந்தது.

பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. வயிறு கடகடத்தது. துக்கம் எதுவும் இல்லாமலே கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. முழங்கால்கள் மெல்லிசாக நடுங்கத் தொடங்கின. வெட்கமாக இருந்தது, அடக்கப் பார்த்தேன்.

"நிறுத்தண்டா" என்றாள். "அது உடம்போட ஜோலி. அது செய்யட்டே."

நடுக்கம் தானாக ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு விரல் நுனிகளில் சூடு வந்தது. பத்து விரல்களிலும் நாடி துடிப்பதைத் தனித்தனியாக உணர்ந்தேன். அந்தரத்தில் நின்ற வலது தோள் தரைக்கு வந்தது. நான் இறக்கவில்லை, அது இறங்கியது. யாரோ பக்கத்தில் வந்து மெதுவாக உட்கார்ந்ததுபோல இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

திரும்பி வரும்போது யூதர்கள் இருந்த ஜூ டவுன் தெரு வழியாக நடந்தேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று தொப்பென்று விழுந்தது. தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஓடவில்லை. செருப்புக்குள் என் பாதம் எங்கே படுகிறது என்று பார்த்தபடி அங்கேயே நின்றேன். படபடப்பு ஏறியது, உச்சிக்குப் போனது, பிறகு இறங்கியது. ஏறினால் இறங்கும் என்பதை அன்று நடுரோட்டில் நின்றுதான் கண்டேன்.

ஆறேழு தடவை அவளிடம் போனேன். மற்ற நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில், சமையலறைத் தரையில் பத்து நிமிஷம் படுப்பேன். மூச்சைப் பிடித்து இழுக்கக் கூடாது, வெளியே விடும்போது மட்டும் உதட்டை மூடி "ம்ம்" என்று மெதுவாக முனகலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த முனகல் நெஞ்செலும்பில் வண்டு போல ரீங்கரிக்கும். அதைக் கேட்டுவிட்டு என் கணவர் சிரித்தார்.

"சும்மா கிடக்கறதுக்கு ஆஸ்பத்திரியில போய் படிச்சிட்டு வந்தியா?"

எல்லா நாளும் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். சில நாள் குதிகாலைத் தேடிப்போனால் அங்கேயும் பயம் உட்கார்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடு, உடம்பை வற்புறுத்தாதே என்று அவள் சொன்னது ஞாபகம் வரும். எழுந்துபோய் அரிசி களைவேன். தண்ணீரில் கை அளைவதைக் கவனிப்பேன், சில சமயம் அதுவே போதுமாக இருக்கும்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் குடோனுக்குத் திரும்பிவிட்டேன். நான் கேட்காமலே பெண்கள் வாசலோரத்து இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் படுத்திருப்பதைப் பார்த்து விசாரித்தார்கள். சொன்னேன். ஒரு நாள் பதினோரு பேரும் சாக்குகளின்மேல் வரிசையாக மல்லாந்து கிடந்தோம். இரண்டு பேர் உடனே தூங்கிப்போனார்கள். எங்களில் வாயாடியான ஒருத்தி வெகுநேரம் பேசாமல் கிடந்தாள். பிறகு, "அக்கா, என் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. எப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும் போல. இப்பத்தான் கீழ விழுந்துச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வாய்க்குள் அவரவர் நாக்கைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பத்து வருஷத்துக்கும் மேல் போயிருக்கும். புதிய நூற்றாண்டு பிறந்துவிட்டது. என் கணவரும் கூட்டாளிகளும் ஒரு கால்வாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீர் மழை. தண்ணீர் ஏறி, ஒருவர் கால் வழுக்கிச் சிமென்ட் பலகைக்கு அடியில் இழுபட்டுவிட்டார். என் கணவர் வலது கையால் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மற்றவர்கள் பலகையைப் புரட்டும்வரை விடவே இல்லை. விழுந்தவர் உயிரோடு வந்துவிட்டார். சாயாக்கடையில், தெருவில், எங்கே போனாலும் இவரைப் புகழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை முஷ்டியாக இறுகியிருந்தது.

"திறக்க மாட்டேங்குது" என்றார். இடது கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். அந்த உரத்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நான் கையைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்காரச் சொன்னேன். வாசல் தெரியும்படி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பின்னால செவுரு இருக்கா?"

"இருக்காம எங்க போகும்?" என்று எரிந்து விழுந்தார்.

"முதுகுல எங்க தொடுதுன்னு பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டார். "வலது பக்கம்தான் தொடுது. இடது பக்கம் இல்ல."

"மாத்த வேண்டாம். குதிகால்?"

"குளுந்திருக்கு." சட்டென்று கண்ணை அகல விரித்து, "புள்ள, அவன் வழுக்குறான்" என்றார்.

"தெரியும். குதிகால்ல இப்பவும் குளுமை இருக்கா?"

"...இருக்கு."

அவருடைய வலது தோளில் நடுக்கம் தொடங்கியது. மழையில் நனைந்த மாடு தோலைச் சிலிர்ப்பதுபோலத் தொடங்கி முழங்கை, மணிக்கட்டு வரை அலை அலையாக இறங்கியது. எனக்கே பயமாகிவிட்டது. என் குதிகால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். "நிறுத்தாதீங்க, அது வேலை செய்யுது" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் பெருமூச்சு வந்தது. அப்போது சுண்டுவிரல் விரிந்தது. பிறகு மோதிரவிரல். யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல், ஐந்து நாள் குழந்தையின் கை தூக்கத்தில் திறப்பதுபோல ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு பிறைகள் சிவந்திருந்தன. நாங்கள் இருவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்குள் நடந்த ஒன்றை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்ததே என்று இருந்தது எனக்கு.

மறுநாள் கை மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி உட்கார்ந்தோம். மூன்று நான்கு வாரம் அப்படிப் போனது. பிறகு மூடுவது நின்றது, வேலைக்குப் போனார். தரையில் உட்கார்ந்து நாங்கள் செய்ததற்கு அவர் ஒரு பேரும் வைக்கவில்லை. விடுமுறை நாட்களில், சாப்பாடு முடிந்ததும், "ஒரு பத்து நிமிஷம் கிடப்பமா?" என்பார்.

அப்படி ஒரு நாள் படுத்திருந்தோம். ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் வயிற்றின் மேல் கையை வைத்திருந்தார்.

"ஏ புள்ள, இங்கயும் நாடி அடிக்குது. வயித்துல."

"ம்."

"இது எப்பவும் அடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சா?"

"ஆமா, பொறந்ததுலேர்ந்து."

அவர் கையை எடுக்காமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.